மனுவில் எழுதப்படாதது: நகராட்சிப் பகுதி அலுவலராகப் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகராட்சியிலோ மாநகராட்சியிலோ ஒரு பகுதிக்குப் பொறுப்பான அலுவலராக முதன்முறை பதவியேற்பவரின் மேசைக்கு முதல் நாளே வந்து சேர்வது புகார்க் கட்டுதான். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வழிகிறது, சாலையில் பள்ளம், குழாயில் கலங்கல் தண்ணீர் என்று எல்லாம் சின்னச் சின்ன விஷயங்களாகவே தெரியும். ஒவ்வொன்றையும் உரிய பிரிவுக்கு அனுப்பி, 'நடவடிக்கைக்கு' என்று ஓரத்தில் குறிப்பெழுதிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்றும் தோன்றும். அப்படி அனுப்பிய மனு மூன்று மாதம் கழித்து வேறொருவர் கையெழுத்தில் அதே தெருவிலிருந்து திரும்பி வரும்போதுதான் நாம் எதையும் முடிக்கவில்லை என்பது புரியும். மனுவில் இருப்பது மக்கள் கண்ணில் பட்டது மட்டுமே. அதற்குக் காரணமானது பெரும்பாலும் மனுவில் இருக்காது; அதைத் தேடிப் போவதற்குத்தான் இந்தப் பதவி. அந்தத் தேடலை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்த அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் நடந்து பாருங்கள்

பொறுப்பேற்றதும் கோப்புகளைப் படிக்க உட்கார வேண்டாம். உங்கள் பகுதியின் வரைபடத்தின் பெரிய நகல் ஒன்று, அளவு நாடா, சுண்ணாம்புக் கட்டி, டார்ச் விளக்கு, ஒரு நோட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு எல்லாத் தெருக்களையும் ஒருமுறையாவது நடந்து முடியுங்கள். வண்டியில் போனால் சாலை மட்டும்தான் தெரியும், நடந்தால்தான் வடிகாலின் மூடியும் அதன் அடியில் ஓடும் நீரின் வேகமும் தெரியும். ஒரே தெருவை ஒரே நேரத்தில் மட்டும் பார்ப்பதும் போதாது. விடியற்காலையில் குப்பை வண்டி வரும்போதும், பள்ளி தொடங்கும் நேரத்திலும், இருட்டிய பிறகும், முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும்போதும் பார்க்க வேண்டும். தெருவிளக்கைப் பகலில் ஆய்வு செய்து அறிக்கை கொடுத்த அலுவலர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கைகளில் எல்லா விளக்குகளும் நன்றாகவே இருக்கும்.

தனியாகப் போகாதீர்கள். அந்தப் பகுதியில் அதிக ஆண்டுகள் வேலை செய்த தூய்மைப் பணியாளர் ஒருவரையும், குடிநீர் வால்வைத் திறந்து மூடுபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் குழாய் எந்தத் திருப்பத்தில் வரைபடத்தை மீறிப் போகிறது, எந்த ஆள் இறங்கும் குழி தார் போட்டபோது புதைந்துபோனது, எந்த வால்வு பாதிக்கு மேல் திரும்பாது என்பவையெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கும். அவர்கள் ஓய்வு பெற்றுப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும் என்பதால், அவர்கள் காட்டுவதை அங்கேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பகுதியிலேயே தாழ்வான இடம் எது, மழைநீர் கடைசியாக எங்கே போய்ச் சேர்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அந்த நடையை முடித்துவிடாதீர்கள்.

எது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே தெருவில் சாலையின் மேற்பரப்பு ஒரு துறையுடையது, மின்கம்பம் இன்னொன்றுடையது, கம்பத்தில் தொங்கும் கேபிள் தனியார் நிறுவனத்தினுடையது, அடியில் போகும் கழிவுநீர்க் குழாய் வேறொரு வாரியத்தினுடையது என்று இருப்பது எந்த நகரத்திலும் புதிதல்ல. உங்கள் பகுதியில் உள்ள ஒவ்வொரு வகை உடைமைக்கும் உரிமையாளர் யார், பராமரிப்பவர் யார், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரே பக்கத்தில் அட்டவணை ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். உரிமையாளரும் பராமரிப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'இது எங்கள் பொறுப்பில் இல்லை' என்பது சில சமயம் சரியான பதில்தான். ஆனால் அது யார் பொறுப்பு, அவர்களுக்கு நீங்கள் எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது பதிலாகும். வேலி, மதில், பாதை உரிமை குறித்த பக்கத்து வீட்டுத் தகராறுகள் வந்தால், பொது நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் அளந்து பார்த்துவிட்டு, மீதியை உரிமையியல் நீதிமன்றத்துக்கு விட்டுவிடுங்கள். நல்லெண்ணத்தோடு நடுவராகப் போய் நின்ற அலுவலரை இரு தரப்பும் சேர்ந்து குற்றவாளியாக்கிய கதைகள் ஒவ்வோர் அலுவலகத்திலும் உண்டு.

புகாரைப் பதியும் விதம்

புகார் எழுத்தில் வந்தாலும் தொலைபேசியில் வந்தாலும், எல்லாம் ஒரே பதிவேட்டில் ஒரே வரிசை எண்ணின்கீழ் வர வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996இல் அவசரமற்ற அழைப்புகளுக்கென்று 311 என்ற எண்ணைத் தொடங்கியது. காவல் துறையின் அவசர எண்ணில் நெரிசலைக் குறைப்பதே அதன் முதல் நோக்கம். பிறகு பல நகரங்களில் அதே எண் நகரச் சேவைகள் அனைத்துக்குமான புகார் வாசலாக மாறியது. ஒரே வாசல் இருந்தால் மக்களுக்கு வசதி என்பது வெளிப்படை. அலுவலருக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு: ஒரே இடத்திலிருந்து வேறு வேறு பெயரில் வரும் புகார்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். பள்ளம் என்று ஒருவர், கலங்கல் தண்ணீர் என்று இன்னொருவர், குறைந்த அழுத்தம் என்று மூன்றாமவர் ஒரே தெருவிலிருந்து எழுதியிருந்தால், அவை மூன்றும் ஒரே கசிவைப் பற்றிய புகார்களாக இருக்கலாம்.

ஆகவே பதியும்போது 'இன்ன தெரு' என்பதோடு நிறுத்தாமல் எதிர்வீட்டு எண்ணையோ கம்பத்தின் எண்ணையோ கேட்டு எழுதுங்கள். எப்போதிலிருந்து, நாளின் எந்த நேரத்தில், எத்தனை வீடுகளுக்கு, இதற்குமுன் சரி செய்யப்பட்டதா என்ற நான்கையும் கேளுங்கள். 'எந்த நேரத்தில்' என்ற கேள்விக்கு வரும் விடைதான் பல நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சில புகார்களுக்கு வரிசை கிடையாது. திறந்து கிடக்கும் குழி, அறுந்து தொங்கும் மின்கம்பி, சாயும் மரம் அல்லது சுவர், குடிநீரில் கழிவுநீர் வாடை ஆகிய நான்கில் எது வந்தாலும் முதலில் ஆளை அனுப்பி இடத்தைத் தடுத்துவிட்டு, பதிவேட்டைப் பிறகு எழுதலாம். கழிவுநீர்க் குழி அடைத்துக்கொண்டதென்றால் எவ்வளவு அவசரமானாலும் மனிதரை உள்ளே இறக்காதீர்கள், இறங்கவும் விடாதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடும்போது மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை இல்லையே என்று இறங்குகிறவரும், அவரைத் தூக்க அடுத்து இறங்குகிறவரும் ஒருவர்பின் ஒருவராக உயிரிழப்பது இப்படித்தான்.

ஒரு பள்ளத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஒரு தெருமுனைப் பள்ளத்தை மூன்று முறை அடைத்தோம். மூன்று முறையும் புகைப்படம் எடுத்து 'சரி செய்யப்பட்டது' என்று பதிந்தோம். நான்காவது மனு வந்தபோது, அங்கே குடியிருந்த மூதாட்டி ஒருவர் 'மழை இல்லாத நாளில் காலையில் வந்து பாருங்கள்' என்று மட்டும் சொன்னார். மறுநாள் தண்ணீர் திறந்துவிடும் நேரத்துக்குப் போய் நின்றேன். முதல் பதினைந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பள்ளத்தின் அடியில் இருந்த ஜல்லிக்கு நடுவே தெளிந்த நீர் மெல்ல ஊறி, சின்னச் சின்னக் குமிழிகளோடு விளிம்புவரை ஏறியது. வால்வை மூடியதும் அதே வேகத்தில் வடிந்துபோனது. பகல் முழுவதும் அந்த இடம் வெறும் பள்ளம்தான். பிரதானக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இணைப்பில்தான் கசிவு இருந்தது.

தார்ச் சாலைக்கு எதிரி வண்டிகளைவிடத் தண்ணீர்தான். விரிசல் வழியே மேலிருந்தோ கசிவு வழியே கீழிருந்தோ நீர் புகுந்து அடித்தளத்தை இளக்கிவிட்டால், அதன் மேல் சக்கரம் ஏறும்போது தார்ப்பரப்பு தாங்க ஆதாரமில்லாமல் உடையும். எனவே ஒரே இடத்தில் பள்ளம் திரும்பத் திரும்ப விழுந்தால் மேலே போடுவதை நிறுத்திவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது குழாய்க் கசிவாகவோ, நீர் வடியாத தாழ்வாகவோ, யாரோ தோண்டிச் சரியாக இறுக்காமல் மூடிய பள்ளமாகவோ இருக்கும். கசிவை அடைத்த பிறகு தோண்டிய குழியை மண்ணை மொத்தமாகக் கொட்டி மூடக் கூடாது. 15 முதல் 20 செ.மீ. வரையிலான அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கிய பிறகே அடுத்ததைப் போட வேண்டும். ஒட்டுப் போடும்போது பள்ளத்தின் ஓரங்களைச் செங்குத்தாக, சதுரமாக வெட்டி, உதிரியையும் ஈரத்தையும் நீக்கி, அடியிலும் ஓரங்களிலும் தார்க்கரைசல் பூசி, கலவையை நிரப்பி இறுக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் கலவையைக் கொட்டி மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போவது வேலையே அல்ல. அதற்கும் ஒப்பந்ததாரர் முழுத் தொகைக்குப் பட்டியல் (பில்) கொடுப்பார் என்பதால் ஒட்டுப் போடும்போது அருகில் நில்லுங்கள்.

மற்ற புகார்களுக்கும் இதே பார்வை

வடிகால் வழிகிறது என்று வரும் புகார்களோடு 'அகலமான கால்வாய் வேண்டும்' என்ற கோரிக்கையும் சேர்ந்து வரும். இது எப்போதும் சரியல்ல. நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் வண்டலைத் தன்னோடு இழுத்துச் செல்லும். அடிப்பகுதி தட்டையாக இருக்கும் கால்வாயை அகலப்படுத்தினால், மழையில்லாத நாட்களில் கொஞ்ச நீர் மெல்லிய படலமாகப் பரவி, வேகம் குறைந்து, வண்டலை அங்கேயே விட்டுவிடும். முதலில் சாய்வை அளந்து, அடைப்பு எங்கே என்று கீழ்முனையிலிருந்து மேல்நோக்கித் தேடிக்கொண்டு வாருங்கள். தூர்வாரும்போது எடுத்த வண்டலை ஓரத்தில் காயப்போட்டுவிட்டு மறந்துபோவது இந்தத் துறையின் நெடுநாள் பழக்கம், அடுத்த மழை அதைத் திரும்பவும் உள்ளேயே சேர்த்துவிடும். தூர்வாரும் பணி ஆணையிலேயே வண்டலை எத்தனை நாளுக்குள் அகற்ற வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

தெருவிளக்கில் ஒன்று மட்டும் அணைந்திருந்தால் பழுது விளக்கில் இருக்கும். ஒரு வரிசையே அணைந்திருந்தால் இணைப்பிலோ ஃபியூஸிலோ இருக்கும். பகலில் எரிந்து இரவில் அணைந்தால் நேரக் கருவியைப் பாருங்கள். விளக்கு எரிந்தும் தெரு இருட்டாக இருந்தால் புதுக் கம்பம் கேட்டு எழுதுவதற்கு முன் கிளைகளைக் கழிக்க முடியுமா என்று பார்க்கலாம்.

குடிநீர் முதல் சில நிமிடங்கள் மட்டும் கலங்கி வந்தால், விட்டுவிட்டுத் தண்ணீர் திறக்கும் ஊர்களில் அதற்கு ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு. குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, கசிவுத் துளை வழியே வெளியே தேங்கியிருக்கும் அழுக்கு நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. திறந்ததும் அதுவே முதலில் வருகிறது. மீதக் குளோரினை, அதாவது கிருமிகளைக் கொல்லக் கலந்த குளோரினில் நீரில் எஞ்சியிருப்பதை, குழாயின் கடைசி வீட்டில் சோதியுங்கள். நீர் வந்துசேரும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

கொசுத் தொல்லைக்குப் புகை அடிக்கச் சொல்வார்கள். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும்; தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் எடுத்துக்கொள்வதால், வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கவிழ்க்க வைப்பதே உருப்படியான வேலை. குப்பை ஒரே மூலையில் குவிந்தால், அங்கே கொட்டுகிறவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி வருமுன்பே கிளம்பிவிடுகிறவர்களுக்கு அபராத அறிவிப்புப் பலகையால் பயன் இல்லை.

வேகத்தடை கேட்டு வரும் மனுக்களை அப்படியே ஏற்கவும் வேண்டாம், அப்படியே ஒதுக்கவும் வேண்டாம். தவறான இடத்தில் போட்ட தடை நீரைத் தேக்கும், ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்தும். ஆனால் அந்தக் கோரிக்கைக்கு அடியில் இருக்கும் அச்சம் உண்மையானது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் 2019ஆம் ஆண்டு முழுவதும் பாதசாரி ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை. குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பைக் குறைத்ததும் தெருவின் வடிவத்தை மாற்றியதும் அதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

புகார் வராத தெரு

ஆறு மாதம் கழித்து உங்கள் பதிவேட்டை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். புள்ளியே விழாத தெருக்கள் சில இருக்கும். அங்கே குறை இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. வாடகைக்குக் குடியிருப்பவர்கள், அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஏற்கெனவே மூன்று முறை எழுதி அலுத்துப்போனவர்கள் ஆகியோர் வாழும் தெருக்களாகவே அவை பெரும்பாலும் இருக்கும். எழுதத் தெரிந்தவர்களின் தெருக்களுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் வேலை நடந்தால், அது பதிவேட்டின்படி நேர்மையாகவும் தெருவின்படி அநியாயமாகவும் முடியும்.

இதற்கு 1854ஆம் ஆண்டின் லண்டன் ஒரு பாடம். சோஹோ பகுதியில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளைத் தேடிச் சென்று அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டு, பிராட் தெருவின் அடிகுழாயைக் காரணமாகக் காட்டினார். செப்டம்பர் 8ஆம் தேதி அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதிகம் பேசப்படாதவர் ஹென்றி வைட்ஹெட் என்ற அந்தப் பகுதியின் இளம் பாதிரியார். ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டவே அவர் வீடு வீடாகப் போனார். அங்குள்ளவர்களை முன்பே அறிந்திருந்ததால், வெளியாள் கேட்டால் கிடைக்காத விவரங்கள் அவருக்குக் கிடைத்தன. கடைசியில் கிணற்றை ஒட்டிய வீடொன்றில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் மலக்குழியில் கொட்டப்பட்டதையும், அந்தக் குழி கிணற்றுக்குச் சில அடி தூரத்திலேயே இருந்ததையும் கண்டுபிடிக்க வழிவகுத்தவர் அவரே. வரைபடமும் அறிமுகமும் இரண்டும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. புகார் வராத தெருக்களுக்கு மாதம் ஒருமுறை நீங்களே போங்கள். 'என்ன குறை' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பார்கள். 'தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது' என்று கேளுங்கள்.

பணமும் ஒப்புதலும்

பழுதுபார்ப்பு, அதாவது வருவாய்ச் செலவு, உங்கள் கையிலோ உங்கள் மேலதிகாரி கையிலோ இருக்கும். புதிதாகக் கட்டுவது மூலதனச் செலவு. அது ஆண்டு நிதிநிலைத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, அளவீடு, பட்டியல் என்று அது நகர மாதங்கள் ஆகும். உங்கள் ஊரில் நிதிநிலைத் திட்டத்துக்கான கோரிக்கைகளை எந்த மாதம் கேட்கிறார்கள் என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். அந்த மாதத்துக்குப் பிறகு மிகச் சரியான மதிப்பீட்டோடு போனாலும் ஓராண்டு காத்திருக்க நேரும். பணி முடிந்த பின் ஒப்பந்ததாரர் தம் செலவில் குறைகளைச் சரி செய்ய வேண்டிய காலம் எப்போது முடிகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன் போய்ப் பாருங்கள். பல நகராட்சிகள் தாம் செலவழிக்கத் தேவையில்லாத பழுதுகளுக்குச் செலவழிப்பது இந்தத் தேதியைத் தவறவிடுவதால்தான்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் கூட்டங்களும்

மன்ற உறுப்பினர் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நீங்கள் விதிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இருவரும் மோதிக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் இருவர் வேலையும் ஒன்றல்ல. அவர் வாய்மொழியாகச் சொல்லும் எதையும் அன்றே பதிவேட்டில் வரிசை எண்ணோடு பதிந்து, அந்த எண்ணை அவருக்கே அனுப்பிவிடுங்கள். மரியாதையும் குறையாது, வரிசையைத் தாண்ட வேண்டிய கட்டாயமும் வராது.

மக்கள் கூட்டத்துக்குப் போகும்போது முடிவை முன்பே எடுத்துவிட்டுப் போவதானால், கருத்துக் கேட்கிறேன் என்று சொல்லாதீர்கள். அறிவிக்க வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் புதிய முதலீடுகளுக்கான வரிசையை மக்கள் கூட்டங்களே தீர்மானிக்கும் முறையைத் தொடங்கியது. அது மற்ற நாடுகளுக்கும் பரவியதற்குக் காரணம், அங்கே பேசியவர்களின் பேச்சு உண்மையான பணத்தின் போக்கை மாற்றியதுதான். உங்கள் கையில் அவ்வளவு அதிகாரம் இருக்காது. மூன்று தெருக்களில் எதற்கு முதலில் வடிகால் என்பதையாவது அவர்களிடம் விட முடிந்தால், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

புகாரை எப்போது முடிப்பது

வேலை செய்தவர் முடிந்தது என்று சொன்னால் புகார் முடிந்ததாகாது. பதிவேட்டில் 'பணி முடிந்தது', 'புகார்தாரர் பார்த்தார்', 'திரும்பப் பார்க்கப்பட்டது' என்று மூன்று கட்டங்கள் வையுங்கள். கசிவுக்குத் திரும்பப் பார்க்க வேண்டிய நாள் அடுத்த முறை தண்ணீர் திறக்கும் நாள், வடிகாலுக்கு அடுத்த பெருமழை, ஒட்டுப் போட்ட பள்ளத்துக்கு ஒரு மாதம். செய்ய முடியாத கோரிக்கையானால், ஏன் முடியாது என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டு முடியுங்கள். மறுப்பைக்கூட மக்கள் ஏற்றுக்கொள்வார்கள்; பதிலே வராததை மன்னிக்க மாட்டார்கள்.

முதல் நாளிலிருந்தே இன்னொரு நோட்டும் வைத்திருங்கள். புதைந்த குழி, திரும்பாத வால்வு, மழையில் முதலில் மூழ்கும் வாசல் என நீங்கள் நடந்து தெரிந்துகொண்டவற்றை அதில் தெருவாரியாக எழுதுங்கள். மாற்றல் ஆணை பெரும்பாலும் மழைக்காலத்துக்குச் சற்று முன்புதான் வரும். அடுத்து வருபவரிடம் சாவிகளைக் கொடுக்கும்போது அந்த நோட்டையும் கையில் கொடுத்துவிட்டு, தாழ்வான அந்த ஓர் இடத்தை மட்டுமாவது அவரை அழைத்துப்போய் நேரில் காட்டிவிட்டு வாருங்கள்.